அம்பத்தூர் ஆலை ஒன்றில் லைன் மாற்றம்: யாரிடம் கேட்டார்கள், எப்போது கேட்டார்கள்?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உள்ள ஒரு வாகன உதிரிபாக ஆலை, 2024-இல் தன் இயந்திரங்களை இரண்டு தடவை இடம் மாற்றியது. முதல் தடவை நிர்வாகம் வரைபடம் போட்டு, நோட்டீஸ் ஒட்டி, ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வேலையை முடித்தது. அது நிலைக்கவில்லை. சில மாதங்கள் கழித்து அதே மாற்றத்தை, பெருக்கித் துடைப்பவர் முதல் மேலாண் இயக்குநர் வரை எல்லா மட்டத்து ஆட்களையும் வைத்துப் பேசிச் செய்தார்கள். அது நிலைத்தது. கட்டடமும் இயந்திரங்களும் அதேதான். ஆட்களும் பெரும்பாலும் அதே ஆட்கள்தான். அதனால் இரண்டுக்கும் நடுவே என்ன மாறியது என்பதை ஓரளவு தெளிவாகவே பார்க்க முடிகிறது. இப்படி ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு அடிக்கடி கிடைப்பதில்லை.

இரண்டாம் கட்டத்தில் கூட்டங்களை நடத்திக் கொடுக்க வெளியிலிருந்து அழைக்கப்பட்ட குழுவில் நானும் இருந்தேன். முதல் கட்டத்தைப் பற்றி இங்கே எழுதுவது ஆலையின் பதிவேடுகளிலிருந்தும், அங்கே வேலை செய்தவர்கள் சொன்னதிலிருந்தும் எடுத்தது. ஆலையின் பெயரும் ஆட்களின் பெயரும் இதில் இல்லை.

ஆலையும் அதன் ஆட்களும்

பட்டரவாக்கம் ஸ்டேஷனிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது ஆலை. நிரந்தரத் தொழிலாளர்கள் 100 பேருக்குக் கொஞ்சம் மேல். ஒப்பந்தக்காரர் மூலம் வருபவர்களும் ஏறக்குறைய அதே அளவு. நிரந்தர ஆட்கள் ஆவடி, திருநின்றவூர், திருவள்ளூர் பக்கமிருந்து மின்சார ரயிலில் வருகிறார்கள். ஒப்பந்த ஆட்களில் பாதிப் பேர் ஒடிசா, பீகார் இளைஞர்கள்; கொரட்டூரிலும் மேனாம்பேட்டிலும் ஓர் அறைக்கு ஆறேழு பேராகத் தங்கியிருக்கிறார்கள். பெண்கள் மூன்று இடங்களில்தான் அதிகம்: பிசிறு எடுக்கும் மேசை, இன்ஸ்பெக்‌ஷன், பேக்கிங். சங்கம் இருக்கிறது. நிர்வாகமும் தொழிலாளர்களும் சேர்ந்து உட்காரும் ஒர்க்ஸ் கமிட்டியும் இருந்தது. கேன்டீன் சாப்பாடு, ஆயுத பூஜை, யூனிஃபார்ம் துணி ஆகிய மூன்றைத் தவிர வேறெதுவும் அதன் நிகழ்ச்சி நிரலில் பல வருடமாக வந்ததில்லை.

தயாரிப்பது பிரேக் சிஸ்டத்துக்கான ஓர் அலுமினிய வார்ப்பு உடல். வார்ப்பு வெளியிலிருந்து வரும். இங்கே கணினி புரோகிராமில் ஓடும் சிஎன்சி இயந்திரத்தில் கடைந்து, துளை போட்டு, பிசிறு எடுத்து, கழுவி, அளந்து, லீக் டெஸ்ட் (கசிவுச் சோதனை) செய்து பேக் செய்வார்கள். பழைய அமைப்பில் கடையும் இயந்திரங்கள் எல்லாம் ஒரு பக்கம், துளை இயந்திரங்கள் எல்லாம் இன்னொரு பக்கம், கழுவுவது கடைக்கோடியில். ஒரு கட்டம் முடிந்த பாகங்கள் டிராலியில் நிறைந்து, அடுத்த கட்டத்துக்குத் தள்ளப்படும். இதில் ஒரு பெரிய ஆபத்து உண்டு. துளை போடும் டூல் காலையில் தேய்ந்துவிட்டால், அந்தத் தவறு லீக் டெஸ்ட்டில் தெரிய வருவது மாலையில். அதற்குள் நூற்றுக்கணக்கான பாகங்கள் கெட்டிருக்கும்.

செல் அமைப்பு என்பது இதற்கான மருந்து. ஒரு பாகத்துக்குத் தேவையான இயந்திரங்களை எல்லாம் ப வடிவில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு பாகமும் முடிய முடிய அடுத்த இயந்திரத்துக்குக் கைமாறுவது. தவறு உடனே தெரியும். நடுவில் சரக்கு தேங்காது. ஆனால் ஓர் ஆபரேட்டர் இரண்டு, சில சமயம் மூன்று இயந்திரங்களைப் பார்க்க வேண்டிவரும். வாடிக்கையாளர் நிறுவனமும் இந்த அமைப்பைக் கேட்டு நெருக்கிக்கொண்டிருந்தது. எனவே முடிவில் தவறில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் முதல் முயற்சி தோற்றதும் "செல் எல்லாம் நம்ம ஊருக்கு ஒத்துவராது" என்று பலர் பேசினார்கள்.

முதல் முயற்சி

வரைபடத்தை உற்பத்திப் பொறியாளர் இருவர் கணினியில் போட்டார்கள். மேலாண் இயக்குநரும் பிளான்ட் மேனேஜரும் ஒப்புதல் தந்தார்கள். வியாழக்கிழமை நோட்டீஸ் போர்டில் தாள் ஒட்டப்பட்டது. சூப்பர்வைசர்களுக்கும் அந்தத் தாளைப் படித்துத்தான் விஷயம் தெரிந்தது. ஆபரேட்டர் ஒருவர் "என்ன சார் இது?" என்று கேட்டபோது, பதில் சொல்ல வேண்டிய சூப்பர்வைசர் அவருக்குப் பக்கத்திலேயே நின்று முதல் தடவையாகப் படித்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை யாரும் சண்டை போடவில்லை. வேலைநிறுத்தம் இல்லை, கோஷம் இல்லை. "சொல்றதைச் செய்றோம் சார்" என்றார்கள், சொன்னதை மட்டும் செய்தார்கள். டூல் உடைந்தால், டூலை மாட்டிச் சரிசெய்யும் செட்டர் வரும்வரை கை கட்டி நின்றார்கள். துளையை அளக்கும் கேஜ் இரண்டு செல்லுக்கு ஒன்றுதான் இருந்தது. அது அடுத்த செல்லில் இருந்தால் வரும்வரை காத்திருந்தார்கள். முன்பெல்லாம் தாங்களே ஓடிப்போய் வாங்கி வந்தவர்கள் இவர்கள். அனுபவமுள்ள செட்டர்கள் இருவர் ஒரகடம் பக்கம் வேலை கிடைத்துப் போய்விட்டார்கள். வாடிக்கையாளரிடமிருந்து திருப்பி அனுப்பப்பட்ட பெட்டிகள் முன்பைவிட அதிகம் வந்தன. அதன் காரணம் யாருக்கும் பிடிபடவில்லை. மூன்றாம் மாதம் சில இயந்திரங்கள் சத்தமில்லாமல் பழைய இடத்துக்கே போயின.

நிர்வாகம் இதை "ஆட்களுக்கு மாற்றம் பிடிக்கவில்லை" என்று வாசித்தது. அதற்கேற்பப் பயிற்சி வகுப்பு நடத்தி, மாற்றத்தின் அவசியத்தைப் படம் போட்டு விளக்கினார்கள். இந்த வாசிப்பை நான் ஏற்கவில்லை. இதே ஆட்கள்தான் கைப்பிடி லேத்திலிருந்து சிஎன்சிக்கு மாறியவர்கள். ஒருவர் ஐடிஐ முடித்து வந்த காலத்தில் கண்ணால் கண்டிராத இயந்திரத்தை இன்று புரோகிராம் திருத்தி ஓட்டுகிறார். மாற்றம் பிடிக்காதவர்கள் இப்படி இருக்க மாட்டார்கள். தங்கள் கையால் செய்யும் வேலையைப் பற்றித் தங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதுதான் அவர்கள் மனதைத் தைத்தது. அதைவிட முக்கியம், அவர்களிடம் கேட்காததால் வரைபடத்திலேயே பிழைகள் புகுந்திருந்தன. மனக்குறையைப் பற்றி நிறையப் பேசுகிறோம். பிழைகளைப் பற்றிப் பேசுவதில்லை.

பழைய ஆய்வு ஒன்றும் அதன் மறுபக்கமும்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் மேரியன் என்ற ஊரில் ஹார்வுட் என்ற பைஜாமா தொழிற்சாலை இருந்தது. அங்கே லெஸ்டர் கோச், ஜான் ஃபிரெஞ்ச் இருவரும் செய்த ஆய்வு 1948-இல் வெளியானது. வேலை முறையைச் சிறிது மாற்ற வேண்டியிருந்தது. ஒரு குழுவிடம் மாற்றத்தை அறிவித்து விளக்கினார்கள், அவ்வளவுதான். இன்னொரு குழு தன் பிரதிநிதிகளை அனுப்பி மாற்றத்தை வடிவமைப்பதில் பங்கெடுத்தது. மற்ற குழுக்களில் எல்லோருமே பங்கெடுத்தார்கள். வெறும் அறிவிப்பு கிடைத்த குழுவில் முதல் 40 நாளில் 17 சதவீதம் பேர் வேலையை விட்டுப் போனார்கள். உற்பத்தி மீளவே இல்லை. பங்கெடுத்த குழுக்களில் அந்த நாட்களில் ஒருவர்கூடப் போகவில்லை. எல்லோரும் பங்கெடுத்த குழுக்களின் உற்பத்தி பழைய அளவையும் தாண்டி ஏறக்குறைய 14 சதவீதம் உயர்ந்தது.

இதை மேற்கோள் காட்டுபவர்கள் பெரும்பாலும் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அதே ஃபிரெஞ்ச் வேறு இருவருடன் சேர்ந்து நார்வேயில் ஒரு காலணித் தொழிற்சாலையில் மறுபடி செய்து பார்த்தார். முடிவுகள் 1960-இல் வெளியாயின. அங்கே உற்பத்தியில் வேறுபாடு தெரியவில்லை. தொழிலாளர்களிடம் விடப்பட்ட விஷயங்கள் உற்பத்தியைத் தொடாத சில்லறை விஷயங்கள். மேலும் தங்கள் சார்பில் பேச வேண்டியது சங்கம்தான் என்று அங்குள்ளவர்கள் நினைத்தார்கள். அம்பத்தூர் ஆலையின் ஒர்க்ஸ் கமிட்டிக்கு நேர்ந்ததும் இதேதான். சாப்பாட்டையும் பூஜையையும் பற்றி மட்டும் கேட்கப்பட்டவர்களுக்கு, மற்ற எதிலும் தாங்கள் வேண்டாதவர்கள் என்பது நன்றாகவே புரிந்திருந்தது.

திறந்தவை, மூடியவை

இரண்டாம் முயற்சியைத் தொடங்கும்போது நாங்கள் வைத்த ஒரே நிபந்தனை: எது முடிவாகிவிட்டது, எது இன்னும் முடிவாகவில்லை என்பதை மேலாண் இயக்குநர் தன் வாயால், எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். என்னைக் கேட்டால், இந்த நிகழ்வின் உயிர்நாடி இதுதான். "உங்கள் கருத்துகள் வரவேற்கப்படுகின்றன" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டு, உள்ளே எல்லாம் முடிவாகியிருந்தால், ஆட்கள் அதை ஒரே கூட்டத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். அடுத்த கூட்டத்துக்கு உடம்பு மட்டும்தான் வரும்.

கேன்டீனில் ஷிப்ட் மாறும் நேரத்தில் அவர் சொன்னார். மூடியவை: செல் அமைப்புக்குப் போவது உறுதி, செலவுக்கு ஒரு வரம்பு உண்டு, இந்த மாற்றத்தால் யாருடைய வேலையும் போகாது, அதைச் சங்கத்துடன் எழுத்தில் ஒப்பந்தமாகவே போடுகிறோம். திறந்தவை: எந்த இயந்திரம் எங்கே, யார் எந்தெந்த இயந்திரத்தைப் பார்ப்பது, எத்தனை நாளுக்கு ஒரு தடவை இடம் மாறுவது, கேஜும் டூலும் எங்கே இருப்பது, எந்தச் செல் முதலில், ஷிப்ட் மாறும் நேரம் எது.

ஊக்கத்தொகைக் கணக்கையும் திறந்த பட்டியலில் வைத்திருந்தார்கள். சங்கச் செயலாளர் எழுந்து அதை எடுக்கச் சொன்னார். "சம்பளம் சம்பந்தப்பட்டது எதுவும் இந்தக் குழுவுல வேணாம் சார். அது எங்க டேபிள்ல பேசுற விஷயம்" என்றார். அது சரியான நிலைப்பாடு. அப்போது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் சாம்சங் ஆலையில், சங்கத்தைப் பதிவு செய்து அங்கீகரிக்கும் கோரிக்கையோடு நடந்த வேலைநிறுத்தம் செய்திகளில் இருந்தது. செப்டம்பர் 9 அன்று தொடங்கி அக்டோபர் பாதிவரை நீண்ட போராட்டம் அது. குழுக்களைக் காட்டிச் சங்கத்தை ஓரங்கட்டுவார்களோ என்ற சந்தேகம் தொழிலாளர்களிடம் இருந்தது இயல்பே. ஊக்கத்தொகையை அன்றே பட்டியலிலிருந்து எடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் கூட்டம் இறுக்கம் தளர்ந்தது.

பின்வரிசையில் இருந்து ஒரு செட்டர் கேட்டார்: "நாங்க சொல்றது உங்களுக்குப் பிடிக்கலைன்னா என்ன பண்ணுவீங்க சார்?" மேலாண் இயக்குநர் கொஞ்சம் யோசித்து, "ஏன் முடியாதுன்னு எழுதி, போர்டுல ஒட்டுவோம். என் கையெழுத்தோட" என்றார்.

தரையில் சாக்பீஸ்

கணினி வரைபடத்தைத் தொழிலாளர்களிடம் காட்டிக் கருத்துக் கேட்பதில் பயன் குறைவு. மேலிருந்து பார்க்கும் படத்தில் தன் உடம்பு எங்கே நிற்கும் என்பது தெரியாது. அதனால் ஆலையின் லோடிங் பகுதியைக் காலி செய்து, முதல் செல்லைத் தரையில் சாக்பீஸால் நிஜ அளவில் வரைந்தோம். இயந்திரங்களுக்குப் பதில் அட்டைப்பெட்டிகள். ஆபரேட்டர்கள் வெறுங்கையோடு பாகத்தை எடுத்துப் போடுவது போல நடந்து பார்த்தார்கள். இரண்டாவது இயந்திரத்தில் பாகத்தை மாட்டும்போது முதல் இயந்திரத்துக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டியிருக்கிறது, அலாரம் விளக்கு கண்ணில் படாது என்பது பத்தே நிமிடத்தில் தெரிந்தது. பெட்டியைத் திருப்பி வைத்தார்கள். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர் வந்து நின்று, திரும்ப இடம் போதாது என்று காலடியால் அளந்து காட்டினார்.

அங்கே பெருக்க வந்த அம்மா ஒருவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒப்பந்தத்தில் பல வருடமாக வேலை பார்ப்பவர். இளம் பொறியாளரிடம், "தம்பி, இந்தப் பொட்டியெல்லாம் எந்த மூலைக்குப் போவுது?" என்று கேட்டார். அவர் வடகிழக்கு மூலையைக் காட்டினார். "அங்கதானே மொதல்ல தண்ணி ஏறும்?"

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அம்பத்தூர் தொழிற்பேட்டை மோசமாகப் பாதிக்கப்பட்டது. பல ஆலைகளுக்குள் வெள்ளம் புகுந்து இயந்திரங்கள் நாசமாயின. இந்த ஆலையிலும் தண்ணீர் வந்தது. எவ்வளவு உயரம் வந்தது என்பது காப்பீட்டுக் கோப்பில் இருந்தது. எந்த வழியாக முதலில் வந்தது, எந்த மூலையில் கடைசிவரை நின்றது என்பது எந்தக் கோப்பிலும் இல்லை. வாரிக் கொட்டியவருக்குத் தெரியும். பொறியாளர்கள் இருவரும் அதன் பிறகு வேலைக்குச் சேர்ந்தவர்கள். கண்ட்ரோல் பேனல் தரையோடு ஒட்டியிருக்கும் இயந்திரங்களை அந்த மூலைக்குக் கொண்டுபோகும் திட்டம் அன்றே கைவிடப்பட்டது. பேக்கிங் மேசைகள் அங்கே போயின.

சூடான துளை

இரண்டாவது கண்டுபிடிப்பு இன்னும் பெரியது. முதல் முயற்சியில் ஏன் அவ்வளவு பெட்டிகள் திரும்பி வந்தன என்ற புதிரை அது அவிழ்த்தது.

இன்ஸ்பெக்‌ஷனில் இருந்த ஒரு பெண், சாக்பீஸ் செல்லில் நடந்து காட்டும்போது, கழுவும் இயந்திரத்துக்கும் கேஜ் மேசைக்கும் நடுவே நின்றுவிட்டார். "இங்க ஒரு ரேக் வேணும் சார். பீஸ் ஆறணும்" என்றார். எதற்கு என்று கேட்டபோது சொன்னார்: "சூடா இருக்கும்போது கேஜ் உள்ள போவுது. டீ குடிச்சிட்டு வந்து அதே பீஸை அளந்தா போவ மாட்டேங்குது."

கழுவும் இயந்திரத்தில் வெந்நீர். பாகம் வெளியே வரும்போது கை வைத்தால் சுடும். அலுமினியம் ஒவ்வொரு டிகிரிக்கும் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 23 மைக்ரான் விரியக்கூடியது. 50 மில்லிமீட்டர் துளை ஒன்று 20 டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தால் சுமார் 23 மைக்ரான் பெரிதாகிவிடும். சில மைக்ரான் கணக்கில் ஏற்கவோ தள்ளவோ செய்கிற துளைக்கு இது பெரிய அளவு. சின்னதாகப் போன துளையும் சூட்டில் பாஸ் ஆகிவிடும். வாடிக்கையாளர் கைக்குப் போகும்போது ஆறியிருக்கும், பொருந்தாது.

பழைய அமைப்பில் கழுவிய பாகங்கள் டிராலியில் வெகுநேரம் காத்துக் கிடந்தன. யாரும் திட்டமிடாமலே அவை ஆறின. செல் அமைப்பு அந்தக் காத்திருப்பை வீண் என்று வெட்டி எறிந்தது. கூடவே ஆறும் நேரமும் போய்விட்டது. பொறியாளர்களுக்கு விரிவுக் கணக்கு பாடத்தில் தெரியும். ஆனால் இந்த மேசையில் பாகம் இப்போது சூடாக வருகிறது என்பது அளப்பவரின் விரல்களுக்குத்தான் தெரியும். அவர் இதை முதல் முயற்சியின்போதே தன் சூப்பர்வைசரிடம் சொல்லியிருக்கிறார். "லேஅவுட் முடிஞ்சுபோச்சும்மா, இப்ப எதுவும் மாத்த முடியாது" என்று பதில் வந்திருக்கிறது. அந்த ஒரு வாக்கியத்துக்காக நிறுவனம் கொடுத்த விலையை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது. ஒரு மின்விசிறியோடு கூடிய இரும்பு ரேக், கேஜைச் சரிபார்க்கும் மாஸ்டர் ரிங் என்ற அளவு வளையத்தையும் அதே ரேக்கில் வைப்பது, இவ்வளவுதான் தீர்வு.

சூப்பர்வைசர்கள்

தொழிலாளர் பங்கேற்பு பற்றிப் பேசுபவர்கள் மேல்மட்டத்தையும் அடிமட்டத்தையும் பற்றியே பேசுகிறார்கள். நடுவில் இருப்பவர் இரண்டு பக்கமும் இடிபடுகிறார். இந்த ஆலையில் சூப்பர்வைசரின் மரியாதை இரண்டு விஷயங்களில் இருந்தது: யாருக்கு எந்த இயந்திரம், யாருக்கு ஓவர்டைம். செல் வந்தால் முதல் விஷயம் செல்லுக்குள்ளேயே முடிவாகும். இரண்டாவது குறையும். கூடவே, தனக்குக் கீழே இருப்பவர் மேலாண் இயக்குநரிடம் நேராகப் பேசுகிறார். முதல் முயற்சி தோற்றதில் சூப்பர்வைசர்களின் மௌனத்துக்குப் பங்கு உண்டு. அவர்கள் தடுக்கவில்லை; கை கொடுக்கவும் இல்லை. அவர்கள் நிலையில் யார் இருந்தாலும் அப்படித்தான் இருந்திருப்பார்கள்.

அவர்களுக்கென்று தனியாக இரண்டு கூட்டம் நடத்த வேண்டியிருந்தது, அதுவும் பிளான்ட் மேனேஜர் இல்லாமல். மூத்தவர் ஒருவர் வெளிப்படையாகக் கேட்டார்: "எல்லாத்தையும் அவங்களே முடிவு பண்ணிக்கிட்டா, நான் எதுக்கு சார்?" நியாயமான கேள்வி. இதற்கு ஆறுதல் வார்த்தை உதவாது, அதிகாரம்தான் வேண்டும். ஒவ்வொரு சூப்பர்வைசரும் தன் செல்லுக்காக 5,000 ரூபாய் வரை யாரையும் கேட்காமல் செலவு செய்யலாம் என்று முடிவானது. முன்பு ஒரு ஸ்டாண்டு வெல்டிங் செய்யவே மூன்று கையெழுத்து. அந்த ஆறும் ரேக் இந்தப் பணத்தில்தான் வந்தது. காலைப் பத்து நிமிடக் கூட்டத்தை நடத்துவதும், போர்டில் வரும் யோசனைக்கு முதல் பதில் தருவதும் அவர்கள் பொறுப்பு. இருவர் இதில் மலர்ந்தார்கள். ஒருவருக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. அவர் கேட்டபடி ஸ்டோர்ஸுக்கு மாற்றிக் கொடுத்தார்கள்.

ஒப்பந்த ஆட்கள்

இங்கேதான் நாங்கள் எதிர்பார்த்த அளவு நடக்கவில்லை. பிசிறு எடுக்கும் மேசையிலும் பேக்கிங்கிலும் பெரும்பாலும் ஒப்பந்த ஆட்கள். வேலையை அருகிலிருந்து பார்ப்பவர்கள் இவர்கள். எதைச் சொன்னாலும் மறுநாள் "வரவேண்டாம்" என்று ஒரு போன் வந்தால் போதும் என்ற நிலையில் இருப்பவர்களும் இவர்களே. கூட்டத்தில் பேசுங்கள் என்று சொல்வதற்கு முன் அந்தப் பயத்துக்கு ஏதாவது செய்திருக்க வேண்டும். கருத்துச் சொன்னதற்காக யாரையும் திருப்பி அனுப்பக்கூடாது என்று ஒப்பந்தக்காரரிடம் எழுதி வாங்கினார்கள். அது கொஞ்சம் உதவியது.

மொழி இன்னொரு சுவர். ஒடியா பேசும் இளைஞர்களில் நன்றாகத் தமிழ் பிடித்துக்கொண்டவர் ஒருவரை மொழிபெயர்ப்பாளராக உட்கார வைத்து, அந்த நேரத்துக்கும் கூலி கொடுத்தார்கள். கூலி கொடுத்தது முக்கியம். டீ நேரத்தில் இலவசமாகச் செய்யச் சொன்னால் அது பங்கேற்பு ஆகாது, இன்னொரு வேலை ஆகிவிடும். அவர்கள் வழியாக வந்த முதல் யோசனை, பிசிறு எடுக்கும் மேசையைச் செல்களுக்குள் பிரித்துப் போட வேண்டாம் என்பது. ஒன்றாக உட்கார்ந்தால் புதியவருக்குப் பக்கத்தில் இருப்பவர் சொல்லித்தர முடியும். தனித்தனியாகப் போட்டால் தமிழ் தெரியாதவர் யாரைக் கேட்பார்? இதை முழுதாக ஏற்க முடியவில்லை. இரண்டு செல்லுக்கு நடுவே ஒரு மேசை என்று பாதி வழியில் நின்றது.

ஷிப்ட் நேரத்தில்

ஷிப்ட் மாறும் நேரம் பற்றிய பேச்சு சீக்கிரம் முடிந்தது. ஷிப்ட் மாறும்போது அரை மணி நேரம் இரண்டு ஷிப்ட்டும் சேர்ந்து இருக்க வேண்டும் என்பதற்காக, ஆறு மணிக்குப் பதில் ஐந்தரைக்குத் தொடங்க நிர்வாகம் நினைத்தது. ரயிலில் வருபவர்களும், பிள்ளைகளுக்குச் சமைத்து வைத்துவிட்டு வரும் பெண்களும் முடியாது என்றார்கள். அவர்களே மாற்று வழியும் சொன்னார்கள்: போகிறவர் செல் போர்டில் நான்கே வரி எழுதிவிட்டுப் போகட்டும். டூல் எண்ணிக்கை, கடைசியாக அளந்த அளவு, நின்ற காரணம், அடுத்து கவனிக்க வேண்டியது. அது போதுமானதாக இருந்தது.

முடியாது என்று சொல்வது

பக்கத்தில் பாடியில்தான் சுந்தரம்-கிளேட்டனின் பிரேக்ஸ் பிரிவு 1998-இல் தர மேலாண்மைக்கான ஜப்பானின் டெமிங் பரிசு வாங்கியது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் இந்திய நிறுவனம் அது. எல்லா ஊழியர்களின் ஈடுபாடு அங்கே தர மேலாண்மையின் ஒரு தூணாகவே இருந்தது. அதற்குப் பிறகு அம்பத்தூர், பாடி வட்டாரத்தில் யோசனைப் பெட்டியும், சின்னச் சின்ன மேம்பாடுகளை எழுதும் கைசன் அட்டையும் இல்லாத ஆலையைப் பார்ப்பது அரிது. ஆனால் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் பின்னாலிருந்த உழைப்பை விட்டுவிட்டவர்கள் உண்டு. இந்த ஆலையிலும் மாதம் ஆளுக்கு ஒரு யோசனை என்று கட்டாயம் இருந்தது. பழைய அட்டைகளைப் புரட்டினேன். துடைப்பம் மாட்ட ஆணி, போர்டுக்குப் புது பெயிண்ட், இப்படியே ஒரே கையெழுத்தில் பல பேர் பெயரில். அதே மாதங்களில் கேஜ் மேசையில் சூடான துளைகள் பாஸாகிக்கொண்டிருந்தன.

கட்டாயத்தை நிறுத்தினார்கள். அதற்குப் பதில், வந்த ஒவ்வொரு யோசனைக்கும் ஏழு வேலை நாளுக்குள் பதில். ஏற்றால் யார் செய்வார், எப்போது. மறுத்தால் காரணம். மறுப்புகள்தான் நம்பிக்கையை வளர்த்தன என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். "இரண்டாவது லீக் டெஸ்ட் இயந்திரம் வாங்க இந்த வருடம் பணம் இல்லை; தற்போதைய இயந்திரம் நாளில் இத்தனை மணி நேரம் சும்மா நிற்கிறது, கணக்கு இதோ" என்று ஒட்டிய தாளின் கீழே, அந்தக் கணக்கில் ஷிப்ட் மாறும் நேரத்தை விட்டுவிட்டீர்கள் என்று யாரோ பேனாவால் திருத்தியிருந்தார்கள். நிர்வாகம் திருத்தத்தை ஏற்றுத் தாளை மறுபடி ஒட்டியது. மறுப்பு மாறவில்லை. ஆனால் ஒரு தொழிலாளியும் மேலாண் இயக்குநரும் ஒரே கணக்கைப் பார்த்துப் பேசினார்கள்.

செல்கள் ஒவ்வொன்றாக, நடுவில் இடைவெளி விட்டு மாறின. முதல் செல்லின் ஆட்கள் இரண்டாவது செல்லுக்குப் போய்ச் சொல்லிக் கொடுத்தார்கள். திரும்பி வரும் பெட்டிகள் குறைந்தன. மூன்றாவது செல் மட்டும் சரியாக வரவில்லை. அங்கே வார்ப்பின் தரமே சிக்கல், அது இந்த ஆலையின் கையில் இல்லை. ஒரே ஆள் இரண்டு இயந்திரம் பார்ப்பதால் வரும் களைப்பு நிஜம். அதை இடம் மாற்றி மாற்றிச் சமாளிக்கிறார்கள். அதற்கான ஊதியக் கேள்வி சங்கத்தின் மேசையில் இன்னும் இருக்கிறது.

சட்டம் சொல்வதும் சொல்லாததும்

சென்னை இந்தக் கேள்விக்குப் புதிய ஊர் இல்லை. 1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூர் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களை வைத்துச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது, பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க.வும் உடன் நின்றார். மதிய உணவு இடைவேளை போதவில்லை என்பது அவர்களின் முதல் முறையீடுகளில் ஒன்று. தன் நாளை எப்படிப் பிரிப்பது என்பதில் தனக்கும் ஒரு வார்த்தை வேண்டும் என்ற கோரிக்கை அது.

1947 தொழில் தகராறுச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, 100 பேருக்குக் குறையாத இடங்களில் ஒர்க்ஸ் கமிட்டியைச் சொன்னது; அதில் தொழிலாளர் தரப்பு நிர்வாகத் தரப்பைவிடக் குறையக்கூடாது. 9ஏ பிரிவு, ஷிப்ட் முறை, ஒரு பிரிவில் வேலை செய்வோர் எண்ணிக்கை போன்றவற்றை மாற்ற 21 நாள் முன்னறிவிப்பு கேட்டது. முதல் முயற்சியின்போது சங்கம் எழுப்பிய ஆட்சேபமும் இதன் அடிப்படையில்தான். 1976-இல் 42-ஆவது திருத்தம் அரசியலமைப்பில் 43ஏ பிரிவைச் சேர்த்து, நிர்வாகத்தில் தொழிலாளர் பங்கேற்பை அரசின் வழிகாட்டு நெறியாக்கியது. 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஒர்க்ஸ் கமிட்டியும் முன்னறிவிப்பும் அதில் தொடர்கின்றன. 20 பேருக்குக் குறையாத இடங்களில் குறைதீர்க் குழுவும், அதில் பெண்களுக்கு உரிய பங்கும் சேர்ந்திருக்கின்றன. 21 நாள் என்பது தகவல் சொல்வதற்கான காலம். முடிவாவதற்கு முன்னால் கேட்க வேண்டும் என்பதை நிர்வாகம் தானாகத்தான் செய்ய வேண்டும்.

இந்த ஆலையில் இப்போது அது ஓரளவு பழக்கமாகியிருக்கிறது. தானியங்கி லீக் டெஸ்ட் இயந்திரம் வாங்கும் பேச்சு வந்தபோது, ஆர்டர் போடும் முன்பே மூன்று கோட்டேஷன்களும் செல் ஆட்கள் முன் வைக்கப்பட்டன. இன்ஸ்பெக்‌ஷனில் இருந்து இருவர் டெமோ பார்க்கப் போனார்கள். அவர்கள் கேட்ட முதல் கேள்வி, பாகம் சூடாக இருந்தால் அழுத்த அளவு எவ்வளவு மாறும் என்பது. விற்பனையாளர் சோதித்துவிட்டுப் பதில் சொல்வதாகப் போயிருக்கிறார்; அதுவரை ஆர்டர் நிறுத்தப்பட்டிருக்கிறது.

ஒப்பந்த ஆட்களுக்கு ஒர்க்ஸ் கமிட்டியில் இடம் இல்லை. அவர்களில் இருவரைப் பார்வையாளராகவாவது உட்கார வைக்கும்படி சங்கம் எழுதிக் கொடுத்திருக்கிறது. அவர்கள் ஒப்பந்தக்காரரின் ஆட்கள், நம் ஆட்கள் இல்லை என்று நிர்வாகத்தின் சட்ட ஆலோசகர் தயங்குகிறார். தண்ணீர் ஏறும் மூலையைக் காட்டியவரும் ஒப்பந்தக்காரரின் ஆள்தான் என்பதைக் கூட்டத்தில் நான் சொன்னேன். பதிலை எழுத்தில், காரணத்தோடு, போர்டில் ஒட்டுவதாக மேலாண் இயக்குநர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.